எலும்பு என்னும் கருவூலம்
பாராதைராய்டு சுரப்பி கற்பிக்கும் பாடம்

வீட்டிற்குத் தூண் எப்படியோ அப்படியே உடலுக்கு எலும்பு என்று சொல்வது வழக்கம். இந்த உவமை பாதி உண்மையே. தூணை ஒருமுறை நிறுத்திவிட்டால் அது அப்படியே நிற்கும். எலும்போ நாள்தோறும் சிறிது கரைகிறது. கரைந்த இடத்தில் புதிதாகக் கட்டப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படுகிறது. உயிருள்ள வரை இந்தப் பணி ஓய்வதில்லை.

எலும்பிற்கு இன்னொரு கடமையும் உண்டு. உடலுக்கு வேண்டிய கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, அதில்தான் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. வளர்ந்த மனிதரின் உடலில் ஒரு கிலோவிற்குச் சற்று அதிகமான கால்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடுகிறது. இரத்தநீர் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அதில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியமே இருக்கும்.

ஆனால் இந்தச் சிறு அளவைச் சார்ந்தே உயிர் இயங்குகிறது. இதயம் சீராகத் துடிக்கவும், தசை சுருங்கி விரியவும், நரம்புகள் செய்தியை எடுத்துச் செல்லவும், காயத்தில் இரத்தம் உறையவும் இரத்தத்தில் உள்ள கால்சியம் வேண்டும். அதன் அளவு 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்னும் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். மிகவும் குறைந்தால் தசைகள் இசிவு கொள்ளும். மிகவும் கூடினால் மனம் மந்தமாகும், சிறுநீரகத்தில் கல் சேரும், இதயத்தின் நடை தடுமாறும்.

ஒருவர் ஒருநாள் பால் அருந்துகிறார். மறுநாள் உபவாசம் இருக்கிறார். உணவில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தும் இரத்தத்தின் அளவு அசைவதில்லை. கருவூலத்தைத் திறக்கவும் மூடவும் ஒரு காவலர் இருக்கிறார் என்பதே அதற்குக் காரணம். அந்தக் காவலரின் பெயர் பாராதைராய்டு ஹார்மோன்.

காண்டாமிருகம் காட்டிய சுரப்பி

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பியைப் பலரும் அறிவர். அதன் பின்புறம் ஒட்டினாற்போல், பெரும்பாலோரிடம் நான்கு சிறு சுரப்பிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணி அளவே இருக்கும். 'பாரா' என்னும் சொல்லுக்கு 'அருகில்' என்று பொருள். தைராய்டின் அருகில் இருப்பதால் இப்பெயர் வந்ததே தவிர, தைராய்டின் பணிக்கும் இதன் பணிக்கும் தொடர்பு இல்லை.

மருத்துவ உலகம் இச்சுரப்பியை வெகுகாலம் அறியாமலே இருந்தது. லண்டன் விலங்கியல் பூங்காவில் வளர்ந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849-ஆம் ஆண்டில் இறந்தது. அதன் உடலை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன் என்னும் அறிஞர், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறத்தில் சிறிய சுரப்பி போன்ற ஒன்று இருப்பதை 1850-இல் குறிப்பிட்டார். அதன் பணி என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னர், ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரில் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர் இதனை முதலில் ஒரு நாயின் உடலில் கண்டார். தொடர்ந்து ஐம்பது மனித உடல்களை ஆராய்ந்து, மனிதரிடமும் இது இருப்பதை 1880-இல் எழுதி வெளியிட்டார். உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. தம் கண்டுபிடிப்பின் பெருமையை அறியாமலே அவர் 1889-இல் மறைந்தார்.

இச்சுரப்பி எதற்காக உள்ளது என்பது, அதை இழந்தவர்களின் துன்பத்தைக் கொண்டே புரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கழுத்தில் வீங்கிய தைராய்டை முழுவதும் அறுத்து நீக்கிய நோயாளிகள் சிலருக்குக் கைவிரல்கள் இறுகிக் கோணும் கொடிய இசிவு உண்டாயிற்று. தைராய்டோடு சேர்ந்து அருகிலிருந்த சிறு சுரப்பிகளும் அகற்றப்பட்டதே காரணம் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. 1909-இல் அமெரிக்காவில் மக்கல்லம், வோக்ட்லின் ஆகிய இருவர், இவ்வாறு இசிவுற்ற விலங்குகளுக்குக் கால்சியம் செலுத்தியதும் இசிவு அடங்குவதைக் காட்டினர். சுரப்பிக்கும் கால்சியத்துக்கும் உள்ள உறவு அப்போது உறுதிப்பட்டது. இன்சுலினைத் தூய்மைப்படுத்துவதில் பங்கு கொண்ட கனடா நாட்டு அறிஞர் ஜேம்ஸ் காலிப், 1925-இல் இச்சுரப்பியிலிருந்து செயல்திறன் மிக்க சாற்றைப் பிரித்தெடுத்தார். அச்சாற்றில் உள்ள ஹார்மோன் 84 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெரிவித்தன.

மூன்று வாயில்கள்

பாராதைராய்டு உயிரணுக்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் ஏற்பிகள் உள்ளன. இந்த ஏற்பி 1993-இல் அடையாளம் காணப்பட்டது. இரத்தத்தில் கால்சியம் சற்றே குறைந்தாலும் இது உணர்ந்துகொள்ளும். உடனே ஹார்மோன் சுரக்கும். சுரந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். எனவே ஆணை பிறப்பதும் விரைவு, ஆணை விலகுவதும் விரைவு.

இந்த ஹார்மோன் மூன்று வாயில்களில் பணிபுரிகிறது.

முதல் வாயில் எலும்பு. எலும்பைக் கட்டும் உயிரணுக்கள், கரைக்கும் உயிரணுக்கள் என இருவகைப் பணியாளர் அங்கு உள்ளனர். ஹார்மோன் நேரே கரைப்பவர்களிடம் செல்வதில்லை. கட்டுபவர்களிடம் செய்தியைச் சொல்கிறது. அவர்களே கரைப்பவர்களை அழைக்கிறார்கள். கட்டுவதும் கரைப்பதும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்தவை என்பதற்கு இது சான்று. எலும்பு கரையும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தே இரத்தத்தில் கலக்கின்றன.

இரண்டாம் வாயில் சிறுநீரகம். ஒருநாளில் ஏறத்தாழ 10 கிராம் கால்சியம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கடக்கிறது. அதில் 100 முதல் 200 மில்லிகிராம் மட்டுமே சிறுநீரில் வெளியேறுகிறது; மற்றவை மீட்கப்படுகின்றன. இந்த மீட்பை ஹார்மோன் இன்னும் இறுக்கமாக்குகிறது. அதே சமயம் பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. எலும்பிலிருந்து வந்த பாஸ்பேட் இரத்தத்தில் தங்கிவிட்டால், அது கால்சியத்தோடு சேர்ந்து அதைக் கட்டிப்போட்டுவிடும். திறந்த கருவூலம் பயனின்றிப் போகும். எனவே வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை வெளியேற்றும் பணி சிறுநீரகத்தில் நடைபெறுகிறது.

மூன்றாம் வாயில் குடல். இங்கு ஹார்மோன் தானே செல்வதில்லை. தூதர் ஒருவரை அனுப்புகிறது. வெயிலில் தோல் உண்டாக்கும் வைட்டமின் 'டி' கல்லீரலில் ஒரு மாற்றமும், சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் பெற்றே செயல்திறன் அடைகிறது. இரண்டாவது மாற்றத்தைத் தூண்டுவது பாராதைராய்டு ஹார்மோன். செயல்திறன் பெற்ற வைட்டமின் 'டி' குடலைச் சென்றடைந்து, உணவிலுள்ள கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளச் செய்கிறது.

உணவிலிருந்து போதிய வரவு இருந்தால் இரத்தத்தின் தேவை நிறைவேறுகிறது; ஹார்மோன் அடங்குகிறது; எலும்பும் தன் செல்வத்தைக் காத்துக்கொள்கிறது. வரவு இல்லையென்றால் என்ன ஆகும்? இரத்தம் ஒருநாளும் தன் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. ஹார்மோன் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். எலும்பு கொடுத்துக்கொண்டே இருக்கும். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் 'சரியான அளவு' என்றே வரும். அந்தச் சரியான அளவு எலும்பின் செலவில் வாங்கப்பட்டது என்பது வெளியே தெரியாது. இதுவே அறிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மை.

காரணமா, காரியமா?

இரண்டு பொருள்கள் எப்போதும் சேர்ந்தே காணப்பட்டால், எது காரணம், எது காரியம் என்று தருக்க நூல் கேட்கும். இந்தக் கேள்வி ஒரு மனிதனின் உயிர்ப் பிரச்சினையாக எழுந்த வரலாறு மருத்துவத்தில் உண்டு.

வியன்னா நகரில் டிராம் வண்டி நடத்துநர் ஒருவர் எலும்பு நோயால் துன்புற்றார். அவருடைய எலும்புகள் மெலிந்து, எளிதில் முறியும் நிலையை அடைந்திருந்தன. இத்தகைய நோயாளிகள் இறந்தபின் உடலை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களின் பாராதைராய்டு சுரப்பி பெருத்திருப்பதை முன்பே கண்டிருந்தனர். எலும்பு நோயுற்றதால், அதைச் சரிசெய்ய முயன்று சுரப்பி பெருத்திருக்கிறது என்பதே அந்நாளில் பரவியிருந்த கருத்து. அதாவது எலும்பு நோய் காரணம், பெருத்த சுரப்பி காரியம். 1915-இல் ஷ்லாகன்ஹாவ்ஃபர் என்பவர், ஒரே ஒரு சுரப்பி மட்டும் பெருத்திருந்தால் அதுவே நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று மாற்றுக் கருத்துக் கூறினார். கேட்பவர் அதிகம் இல்லை.

அறுவை மருத்துவரான ஃபெலிக்ஸ் மாண்டல் முதலில் பழைய கருத்தின் வழியே சென்றார். நோயாளிக்கு ஹார்மோன் போதவில்லை என்று எண்ணி, விபத்தில் இறந்த ஒருவரின் பாராதைராய்டை எடுத்து இவருக்குப் பொருத்தினார். பயன் இல்லை. பின்னர் அவர் எதிர்த்திசையில் சிந்தித்தார். 1925-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கழுத்தைத் திறந்து, அங்கிருந்த சுரப்பிக் கட்டியை அகற்றினார். சிறுநீரில் வீணாகிக்கொண்டிருந்த கால்சியம் குறைந்தது; எலும்பு வலி தணிந்தது; படுக்கையில் கிடந்தவர் நடக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பி வந்தது என்றாலும், சுரப்பி காரணமாகவும் இருக்கக்கூடும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

அப்படியானால் பழைய கருத்து முற்றிலும் தவறா? இல்லை. இரண்டுமே உண்மை என்பதுதான் இங்கு வியப்பு. ஒரு சுரப்பியில் கட்டி தோன்றி, தேவையில்லாமலே ஹார்மோன் பெருகினால் அங்கே சுரப்பி காரணம். வைட்டமின் 'டி' குறைவாலோ, உணவில் கால்சியம் போதாமையாலோ, சிறுநீரகம் தளர்வதாலோ ஹார்மோன் பெருகினால் அங்கே சுரப்பி காரியம். அது தன் கடமையைச் செய்கிறது. முதல் நிலையில் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்திருக்கும். இரண்டாம் நிலையில் அது இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும். முதல் நிலைக்கு அறுவை மருத்துவம் பெரும்பாலும் முழுத் தீர்வு தரும். இரண்டாம் நிலைக்கு மூலக் குறையை நீக்க வேண்டும். ஹார்மோன் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் 'டி', சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றையும் மருத்துவர் சேர்த்துப் பார்ப்பதன் பொருள் இதுவே.

ஒரு மாலுமியின் பொறுமை

வியன்னாவில் அந்த அறுவை நடந்த அதே காலத்தில், அமெரிக்க வணிகக் கப்பலின் தலைவரான சார்லஸ் மார்ட்டெல் இதே நோயால் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரமும் கட்டான உடலும் கொண்ட அவருக்கு, முதல் உலகப்போர் முடிவடையும் காலத்தில் இளம் வயதிலேயே எலும்புகள் தளரத் தொடங்கின. அடுத்தடுத்து முறிவுகள் ஏற்பட்டன, முதுகு கூனியது, சிறுநீரகத்தில் கற்கள் சேர்ந்தன. அவருடைய உயரம் ஏழு அங்குலம் குறைந்துபோயிற்று.

1926-இல் நோய் இன்னதென்று கண்டறிந்த மருத்துவர்கள் கழுத்தைத் திறந்து பார்த்தனர், கட்டி கிடைக்கவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றனர். ஆறு முறை கழுத்தில் அறுவை நடந்தும் பலன் இல்லை. மனம் தளராத மார்ட்டெல் தாமே உடற்கூறு நூல்களைப் படித்தார். கருவளரும் காலத்தில் இச்சுரப்பி கழுத்திலிருந்து மார்பிற்குள் இறங்கிவிட வாய்ப்புண்டு என்று அறிந்து, மார்பிலும் தேட வேண்டும் என்று வற்புறுத்தினார். 1932-இல் பாஸ்டன் நகரில் நடந்த ஏழாவது அறுவையில், மார்பெலும்பின் பின்னால் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அவர் கருதியது சரியாகவே இருந்தது. ஆனால் சிறுநீரகம் அதற்குள் பெரிதும் பழுதடைந்திருந்தது. சில வாரங்களில், சிறுநீரகக் கல்லால் நேர்ந்த சிக்கலைத் தொடர்ந்து அவர் உயிர் நீத்தார்.

அவருடைய உடலிலிருந்து கற்றவை பின்வந்த பலரைக் காப்பாற்றின. 1963-இல் சாலமன் பெர்சன், ரோசலின் யாலோ ஆகிய இருவரும் தங்கள் குழுவினருடன் இந்த ஹார்மோனை இரத்தத்தில் அளக்கும் முறையைக் கண்டறிந்தனர். மார்ட்டெலின் காலத்தில் பல ஆண்டுகள் எடுத்த தேடலை இன்று சிறிது இரத்தம் தொடங்கி வைத்துவிடுகிறது. இருந்தும் நம் நாட்டில் எலும்பு முறிவோ, திரும்பத் திரும்ப வரும் சிறுநீரகக் கல்லோ முற்றிய பிறகே பலருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. தீராத எலும்பு வலி, காரணமில்லாத தளர்ச்சி, மிகுந்த தாகம், மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவை ஒன்றுசேர்ந்து நெடுநாள் நீடித்தால், வயதின் குறை என்று ஒதுக்கிவிடாமல் கால்சியத்தைப் பரிசோதிப்பது நல்லது.

அளவும் இடைவெளியும்

இந்த ஹார்மோனைப் பற்றிய மற்றொரு செய்தி சிந்தனைக்கு உரியது. இடைவிடாது பெருகினால் எலும்பைக் கரைக்கும் இதே ஹார்மோன், சிறிய அளவில் நாளுக்கு ஒருமுறை வந்து உடனே விலகினால் எலும்பைக் கட்டுகிறது. ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் 1932-லேயே எலிகளிடம் சிறிய அளவுகளின் இந்த ஆக்கச் செயலைக் கண்டு எழுதினார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலங்களைக் கொண்ட டெரிபாராடைடு என்னும் ஊசிமருந்துக்கு 2002-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எலும்பு மிகவும் நொய்ந்து முறியும் நிலையில் உள்ளவர்களுக்கு இன்று மருத்துவர்கள் இதனைத் தினம் ஒருமுறை கொடுக்கிறார்கள்.

பொருள் ஒன்றே, பயன் இரண்டு. கட்டும் உயிரணுக்கள் குறுகிய தூண்டுதலால் விழித்தெழுந்து வேலை செய்கின்றன. தூண்டுதல் ஓயாவிட்டால் கரைப்பவர்களின் கை ஓங்கிவிடுகிறது. உழைப்புக்கு நடுவே ஓய்வு வேண்டும் என்னும் நியதி உயிரணுவின் அளவிலும் செல்லுபடியாகிறது.

வெயில் மிகுந்த நாட்டில் வெயில் பஞ்சம்

ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் இந்தியாவில் வைட்டமின் 'டி' குறைவு இருக்காது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தில்லியில் நலமாக உள்ளவர்களைப் பரிசோதித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. திறந்தவெளியில் பயிற்சி பெறும் படைவீரர்களிடம் இந்த வைட்டமின் ஓரளவு இருந்தது. மருத்துவமனைக்குள் பணிபுரியும் மருத்துவர்களிடமும் செவிலியரிடமும், கருவுற்ற பெண்களிடமும் மிகவும் குறைந்திருந்தது. பிறர் உடல்நலத்தைக் காப்பவர்களே வெயிலின்றி வாடியிருந்தனர். தில்லியில் புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளிடம், தூய காற்றுள்ள பகுதிக் குழந்தைகளைவிட வைட்டமின் 'டி' குறைவு என்பதை 2002-இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. புகைமூட்டம் வெயிலின் பயனையும் தடுத்துவிடுகிறது.

வைட்டமின் 'டி' குறையும்போது குடலின் வாயில் பாதி மூடிக்கொள்கிறது. ஹார்மோன் எழுகிறது, எலும்பு கொடுக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம், எலும்பைக் காத்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் விலகிவிடுகிறது. குடும்பத்தார் அனைவருக்கும் பால் ஊற்றிவிட்டுத் தாம் குடிக்காமல் இருந்த அன்னையர், முதுமையில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுக்கும்போதுதான் அவர்களின் கருவூலம் காலியானது தெரியவருகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. இதை உணவிலேயே பெரும்பாலும் பெறலாம். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. ராகி என்று தெற்கிலும், நாச்னி என்று மகாராஷ்டிரத்திலும், மண்டுவா என்று உத்தராகண்டிலும் வழங்கும் தானியம் இதுவே. முளைகட்டுவதாலும் புளிக்க வைப்பதாலும், சத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும் பொருள் அதில் குறைகிறது. ஒரு குவளைப் பாலில் அல்லது தயிரில் 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். எள், முருங்கைக்கீரை ஆகியவையும் நல்லவை. மீன் உண்ணும் வழக்கமுள்ளவர்களுக்கு முள்ளோடு உண்ணப்படும் சிறு மீன்கள் சிறந்த வழி. உப்பு மிகுந்தால் அது வெளியேறும்போது கால்சியத்தையும் சிறுநீரில் இழுத்துச் செல்லும்; ஆகவே ஊறுகாய், அப்பளம் போன்றவற்றில் கட்டுப்பாடு தேவை.

அதிகாலை இளவெயில் இனிமையானது என்றாலும், வைட்டமின் 'டி' உண்டாக்கும் கதிர்கள் அதில் மிகக் குறைவு. வெயில் ஏறிய முற்பகல் வேளையில், கை கால்களில் வெயில் படும்படி சிறிது நேரம் இருப்பது பயன் தரும்.

உடலின் எடையைத் தாங்கும் உழைப்பு எலும்புக்கு உணவு போன்றது. நடத்தல், படி ஏறுதல், தோட்ட வேலை ஆகியவை எந்த வயதிலும் உதவும். புகையிலையை எவ்வடிவிலும் தவிர்க்க வேண்டும்.

மாத்திரைகளையும் ஊசிகளையும் மருத்துவரின் ஆலோசனையின்றி எடுத்துக்கொள்ளக் கூடாது. வைட்டமின் 'டி' உடலில் தங்கக்கூடியது. பெரிய அளவு ஊசிகளை மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டால் கால்சியம் எல்லை மீறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாராதைராய்டில் கட்டி உள்ளவர், அதை அறியாமல் தாமே மருந்து உட்கொள்வதும் தீங்காகும்.

நெருக்கடி நேரத்தில் உயிரைக் காக்கவே எலும்பின் சேமிப்பு ஏற்பட்டது. அன்றாடச் செலவுக்கு அதில் கைவைக்க வேண்டிய நிலை வராதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை. காவலர் தம் பணியில் ஒருபோதும் தவறுவதில்லை. எவ்வளவு கேட்கப்பட்டாலும் எடுத்துக் கொடுப்பார். எவ்வளவு கேட்கப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது அன்றாட உணவும் வெயிலும் உழைப்புமே.